பாலில் இல்லாதது

டேங்கர் ஓட்டுநர்கள் என்னை ‘சிவப்புச் சீட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே கூப்பிடும் தைரியம் எவனுக்கும் கிடையாது. டெய்ரி வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு டேங்கரிலிருந்தும் ஒரு குவளை பால் எடுப்பேன். முகர்ந்து பார்ப்பேன், லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன், கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுழலவிட்டுக் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பேன். தேறினால் பச்சைச் சீட்டு. தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு வாங்கிய டேங்கர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சரி. பத்தொன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பாலைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் குழியில் தள்ளியது.

என் தங்கச்சி காய்ச்சலில் போனபோது அவள் பெண்ணுக்கு எட்டு மாசம். நான் கல்யாணம் காட்சி என்று எதற்குள்ளும் போகாதவள். என் வாய்க்குப் பயந்து யாரும் பெண் கேட்டு வரவில்லை என்று தங்கச்சி கிண்டல் செய்வாள், அதில் பாதி உண்மை. மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கச்சி வீட்டுக்காரருக்கு, லிஃப்ட் மெக்கானிக் வேலை. இன்றைக்கு இந்தக் கட்டடம், நாளைக்கு வேறு ஊர். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்க முடியுமா? “எங்கிட்ட குடுங்க” என்றேன். கொடுத்துவிட்டார். அவர் அன்றைக்கு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

வந்த முதல் நாள் குழந்தை எதையும் தொடவில்லை. பருப்பைக் கடைந்து ஊட்டினால் துப்பினாள், பழத்தை மசித்து ஊட்டினால் துப்பினாள். ராத்திரி பால் புட்டியை வாயில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முழுசாகக் குடித்து முடித்தாள். குடித்து முடித்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். எங்கள் டெய்ரியில் ஆளுக்கு ஒரு லிட்டர் பால் தினமும் உண்டு. அதுவரை அந்த லிட்டரை மாடி வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து ஒரு சொட்டு வெளியே விடவில்லை.

குழந்தை ஊதிக்கொண்டே வந்தாள். கன்னம், கை, தொடை எல்லாம் மடிப்பு மடிப்பாக. கூடவே வெளுத்துக்கொண்டும் வந்தாள். தங்கச்சி நல்ல கருப்பு. குழந்தையும் பிறந்தபோது அவள் நிறம்தான். இப்போது பார்த்தவர்களெல்லாம், “அடடா, என்ன கலர்! பஞ்சு மாதிரி இருக்காளே” என்றார்கள். பஞ்சு என்ற பேரே நிலைத்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால் கேன் எடை போடுகிற தராசில் மாசாமாசம் அவளை நிற்கவைத்து, முள் நகர்வதை லேபில் இருக்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன்.

இப்படிக் காட்டுவதற்கு ஒரு காரணம் இருந்தது. பஞ்சுவுக்கு ஒன்றே முக்கால் வயதாகும்போது மாப்பிள்ளை மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அவர்மேல் நான் கோபப்படவில்லை. சின்ன வயசு, எத்தனை நாள் தனியாகக் கிடப்பார்? வந்தவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவள், அதிர்ந்து பேசமாட்டாள் என்றார்கள். ஆனால் பஞ்சுவைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பேச்சை எடுத்தார்.

“அண்ணி, பஞ்சு உங்ககிட்ட நல்லா இருக்கா. அவ நல்லா இருக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். மூணு வயசு முடியட்டும், அப்ப உட்காந்து பேசுவோம்.”

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான். அவள் நல்லா இருந்தால் அவள் என்னுடையவள். அன்றிலிருந்து என் கவனமெல்லாம் அவளை நல்லா இருக்க வைப்பதிலேயே இருந்தது. நல்லா இருப்பது என்றால் எனக்குத் தெரிந்தது எடைதான், எடைக்குத் தெரிந்தது பால்தான். விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஒரு புட்டி. டெய்ரியிலேயே இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் விடும்போது இன்னொன்று. மத்தியானம் தயிர். சாயங்காலம் பால். தூங்கப் போகும்போது பால். நடுவில் சிணுங்கினால் அதற்கும் பால்தான்.

காப்பகத்து ஆயாம்மாதான் முதலில் வாயைத் திறந்தது.

“புள்ளைக்கு சாப்பாடு ஊட்டவே முடியலம்மா. வயித்துல எடம் இருந்தாத்தானே? பாலைக் கொஞ்சம் கொறச்சிப் பாரேன்.”

“ஆயாம்மா, நீங்க பால் டெஸ்ட் பண்ணிருக்கீங்களா?”

“நான் எங்கம்மா…”

“பண்ணலைல்ல? அப்ப பேசாம இருங்க.”

பாவம், பொக்கை வாயை மூடிக்கொண்டு போய்விட்டது. அப்படிப் பேசிய நாக்கை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

கொஞ்ச நாளில் ஆயாம்மா மறுபடியும் வந்தது. பஞ்சு காப்பகத்தின் பின்பக்கச் சுவரை நக்குகிறாளாம், வெள்ளையைச் சுரண்டித் தின்கிறாளாம். நான் போய்ப் பார்த்தபோது வாயெல்லாம் சுண்ணாம்புப் பொடி. இதற்கு எனக்கு விளக்கம் தெரியாமல் இருக்குமா? சுண்ணாம்பைத் தின்கிறாள் என்றால் உடம்புக்குக் கால்சியம் போதவில்லை என்று அர்த்தம். கால்சியம் எதில் இருக்கிறது? பாலில். அன்றிலிருந்து இன்னும் ஒரு டம்ளர் கூட்டினேன். எந்த வீட்டிலும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கமாட்டார்கள். பால் டெஸ்ட் பண்ணுகிறவள் வீட்டில்தான் போடுவார்கள்.

படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துகொண்டாள். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தைக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று தூக்கிக்கொண்டு ஏறினேன். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது இவள் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். என்ன சமத்து, ஒரு இடத்தில் உட்காரவைத்தால் அப்படியே இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்று வயது முடிய இரண்டு வாரம் இருந்தது. மாப்பிள்ளை வந்து உட்காரும்போது வெறும் வாயால் பேசக் கூடாது, கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் சீட்டு எழுதிப் பிழைப்பவள் அல்லவா? குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? அவளுக்குப் புதுச் சட்டை போட்டு, தலைசீவி, குழந்தை டாக்டரிடம் நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

டாக்டர் அம்மா பஞ்சுவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நெஞ்சில் ரொம்ப நேரம் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

“தினமும் என்ன சாப்பிடுறா?”

“பால்.”

“அப்புறம்?”

“தயிர்.”

“அப்புறம்?”

“கொஞ்சம் வெண்ணெய்…” என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

“முட்டை, பருப்பு, கீரை, கறி, மீன்?”

“துப்பிடுறா டாக்டர்.”

“பால் எவ்வளவு குடிப்பா?”

“ஒரு லிட்டர். அதுக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும்.” அந்த நிமிஷத்திலும் எனக்கு அதைப் பெருமையாகத்தான் சொல்ல வந்தது.

அவர் பேனாவை மூடிவிட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். பஞ்சு என் மடியில் தூங்கிப்போனாள். காகிதம் வந்தது. ஹீமோகுளோபின் என்று போட்டு, பதினொன்றாவது இருக்க வேண்டிய எண் ஆறு புள்ளி ஒன்று என்று இருந்தது. எண்ணைப் பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டியதில்லை. என் கையில் வரும் டேங்கர் எதுவும் இப்படி ஒரு எண்ணோடு வாசலைத் தாண்டியதில்லை.

“பால் கெட்டது இல்லம்மா” என்றார் டாக்டர், கத்தாமல், பொறுமையாக. “பல்லுக்கு, எலும்புக்கு, வளர்றதுக்கு எல்லாத்துக்கும் அது வேணும். தினமும் குடிக்கட்டும். இந்த வயசுக்கு ரெண்டு சின்ன டம்ளர், இல்ல ஒரு டம்ளரும் கொஞ்சம் தயிரும். அது சாப்பாட்டுல ஒரு பங்கு. நீங்க அதையே முழுச் சாப்பாடா ஆக்கிட்டீங்க. பால்ல இரும்புச் சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வேற எதுலயாவது கெடைக்கும்னா, வேற எதுக்கும் நீங்க வயித்துல எடம் விடல. ரத்தம் எங்கேருந்து ஊறும்? சுவரை நக்குறதுகூட அதனாலதான்.”

“இவ்ளோ குண்டா இருக்காளே?”

“குண்டா இருக்கா. ரத்தம் இல்ல.”

“கலரா…”

“அது கலர் இல்லம்மா. சோகை.”

பிறகு, ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, “நான் டெய்ரியில பால் டெஸ்ட் பண்றவ டாக்டர்” என்றேன்.

“அப்படியா?” என்று நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எங்கள் லேப் சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. பாலில் தண்ணீர் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பாலில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் எனக்கு வேலை. என்ன இல்லை என்று பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. ஆயாம்மா மட்டும்தான் கிட்டத்தட்டக் கேட்டது. அதைத்தான் வாயடைத்து அனுப்பினேனே.

டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பாலோடு கலந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு வாரத்தில் திரும்பக் காட்ட வேண்டும், மூச்சுவாங்கல் அதிகமானால் உடனே ஆஸ்பத்திரி. காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை யாருக்கும் காட்டக் கூடாது என்றுதான் முடிவு செய்தேன். மருந்து கொடுப்பேன், பாலைக் குறைப்பேன், முட்டையைக் கெஞ்சிக் கூத்தாடி ஊட்டிவிடுவேன், மூன்றே மாசத்தில் எண் ஏறிவிடும். மாப்பிள்ளைக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அவர் கண்ணுக்கு அவள் குண்டாக, வெளுப்பாக, அழகாகத்தானே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டு, சரி அண்ணி, உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதானே.

மறுநாள் காலை முதல் டேங்கரின் பாலை எடுத்துப் பார்த்தேன். லாக்டோமீட்டர் கிடுகிடுவென்று உள்ளே போனது. தண்ணீர். ஓட்டுநர் வயசானவர், பல வருஷமாகத் தெரிந்தவர். கீழே இறங்கி வந்து கும்பிடாத குறையாக நின்றார்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு தாயி. நாளையிலேருந்து சுத்தமா வரும். என் தலைமேல சத்தியம்.”

“இன்னிக்கு வந்ததை வெச்சித்தான் நான் எழுத முடியும். நாளைக்கு வரப்போறதை வெச்சி எழுத முடியாது” என்று சொல்லிச் சிவப்புச் சீட்டைக் கிழித்து அவர் கையில் வைத்தேன். ஆயிரம் தடவை சொன்ன பேச்சுதான். வாயை விட்டு வந்த பிறகுதான் ரவிக்கைக்குள் இருந்த காகிதம் குத்தியது. அந்தக் கிழவர் என்ன கேட்டாரோ அதையேதான் நான் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். லேபில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே காகிதத்தை நீட்டிவிட்டேன். உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் எனக்குப் புத்தி மாறிவிடும் என்று பயம்.

அவர் படித்தார். புரியாமல் மறுபடி படித்தார். நான் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சுவரை நக்கியதைச் சொன்னேன், அதற்கு நான் பாலைக் கூட்டியதையும் சொன்னேன். ஆயாம்மாவை நான் பேசியதைக்கூட விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் திட்டவில்லை.

“அண்ணி, நீங்க வேணும்னு பண்ணல. இனிமே சரி பண்ணிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சீறினேன். “விடியறதுக்கு முன்னாடி நான் ஷிஃப்டுக்கு ஓடுறவ. அவளுக்கு ஒரு வாய் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். அழுதா என் கை தானா புட்டிகிட்டதான் போகும், எனக்குத் தெரியாதா என்னைப் பத்தி? அங்க வீட்டோட ஒருத்தி இருக்கா. கூட்டிட்டுப் போங்க.”

“அண்ணி…”

“கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றேன்ல!”

துணிகளை ஒரு பையில் போட்டேன். மருந்தை வைத்தேன், எப்போது எவ்வளவு என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். புட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சு அப்போதுதான் வீறிட்டாள். அப்பா தோளில் இருந்தபடி கையை நீட்டி நீட்டி அழுதாள். தெரு முனை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவள் கையை நீட்டியது என்னைப் பார்த்து இல்லை, அலமாரியைப் பார்த்து. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகும் டெய்ரியில் தினமும் ஒரு லிட்டர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கொண்டுவந்து காய்ச்சுவேன், உறைக்கு ஊற்றுவேன், நாலைந்து பாத்திரத்தில் தயிர் புளித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் ஆயாம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “என்னை மன்னிச்சிடுங்க ஆயாம்மா” என்றேன். “போ தாயி, யாருக்குத்தான் எல்லாம் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டது. அது அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வலித்தது.

நாலு மாசம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. அதுவும் மாப்பிள்ளை மூன்று தடவை ஆள் விட்டபிறகு. கையை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்று அன்றைய லிட்டரை எடுத்துக்கொண்டேன். வேறு என்ன எடுத்துக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது மாடி. படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து தடதடவென்று ஒரு குழந்தை இறங்கி ஓடி வந்தது. என்னைத் தாண்டி ஒரு படி கீழே குதித்து நின்று திரும்பிப் பார்த்தது. என் தங்கச்சி நின்றிருந்தாள். அதே கருப்பு, அதே மினுமினுப்பு, சின்ன வயதில் என் பென்சிலைத் திருடிக்கொண்டு ஓடுவாளே, அதே முழி. சதையெல்லாம் வற்றி முகத்தில் மூக்கும் தாடையும் வெளியே வந்திருந்தன. இரண்டு வருஷமாக அந்த முகத்தை நான்தான் மூடி வைத்திருந்தேன்.

“பெரியம்மா வந்திருக்காங்க பாரு, பெரியம்மான்னு கூப்பிடு” என்றாள் மேலே வாசலில் நின்ற தையல்காரி.

“பெரியம்மா” என்றாள் பஞ்சு. என்னிடம் இருந்தவரை அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

உள்ளே உட்காரவைத்தார்கள். தையல் மெஷினை ஒட்டி ஒரு குட்டி ஸ்டூல், அதில் பஞ்சுவின் தட்டு. தையல்காரி ஒரு தையல் போடுவாள், ஒரு வாய் ஊட்டுவாள், மறுபடி ஒரு தையல். கீரை போனது. முட்டை போனது. பஞ்சு ஒன்றைக்கூடத் துப்பவில்லை. என்னால் முடியாததை இவள் எப்படிச் செய்தாள் என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பொறாமையை விழுங்கிக்கொண்டு பார்த்தேன். கடைசியில் ஒரு சின்ன டம்ளரில் பால் கொடுத்தாள். பஞ்சு முக்கால்வாசி குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

“போதும்” என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல நான் விட்டால்தானே? டம்ளர் காலியாவதற்கு முன்பே அடுத்ததை ஊற்றிவிடுகிறவள் நான்.

“ரத்தம் பதினொண்ணு புள்ளி ரெண்டுக்கு வந்திடுச்சுக்கா” என்றாள் தையல்காரி. “போன வாரம்தான் டெஸ்ட் எடுத்தோம்.” என்னிடம் காகிதத்தை நீட்டினாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை. “கொண்டுவந்த பாலை வெச்சிட்டுப் போங்கக்கா, தயிர் போட்டுக்கறேன், நாளைக்கு இவளுக்கு ஆகும்” என்றாள். நல்லவள். அவளை வெறுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

கிளம்பும்போது பஞ்சுவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தாள். அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். சிவந்திருந்தது. கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு. நான் பார்த்துவிட்டேன், தேறிவிட்டாள். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் கை கேட்கவில்லை. அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். உடம்பு இளைத்து எலும்பு கெட்டியாக, சூடாக இருந்தாள். தலையில் என் தங்கச்சியின் வாடை அடித்தது. கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அப்படியே இருந்தேன்.

அவள் நெளிந்தாள். இரண்டு உள்ளங்கையையும் என் தோளில் வைத்து மெதுவாகத் தள்ளினாள்.

“போதும் பெரியம்மா” என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.